பிலிம்பேர் விருதுகள்: பொது அறிவுப் பகுதிக்குச் சில திருத்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் பொது அறிவுப் பகுதியில், ‘இந்திய அரசின் முதலாவது பிலிம்பேர் விருது விழாவில் 1954ஆம் ஆண்டின் சிறந்த படமாகத் தெரிவானது தோ பீகா ஜமீன்’ என்று வந்திருந்தது. ஒரு வரியில் இரண்டு பிழை. சினிமாச் செய்திதானே என்று விட்டுவிட முடியவில்லை. திருகோணமலையில் போட்டிப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் அந்தப் பகுதியை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைக்கிறார்கள். ரியூட்டரிகளில் போட்டோக்கொப்பியாகவும் அது கைமாறுகிறது.

பிலிம்பேர் அரசு விருதே அல்ல. டைம்ஸ் ஒஃப் இந்தியா நிறுவனத்தின் ‘பிலிம்பேர்’ என்ற சினிமாச் சஞ்சிகை, ஹிந்திப் படங்களுக்காக வாசகர் வாக்கை வைத்துத் தொடங்கிய விருது அது. முதல் விழா 1954 மார்ச் 21 அன்று பம்பாய் மெட்ரோ திரையரங்கில் நடந்தது. அன்று கொடுக்கப்பட்டவை ஐந்தே விருதுகள்: படம், இயக்குநர், நடிகர், நடிகை, இசையமைப்பாளர். பத்திரிகை விமர்சகர் கிளேர் மென்டோன்சாவின் நினைவாக முதலில் ‘கிளேர் விருது’ என்றே அழைக்கப்பட்டதால், பழைய குறிப்புகளில் அந்தப் பெயரைக் கண்டால் வேறு விருதென்று எண்ண வேண்டாம். அரசின் தேசிய விருதும் அதே 1954இல் தொடங்கியதுதான் குழப்பத்துக்குக் காரணம். அதில் முதலிடம் பெற்றது ‘ஷ்யாம்ச்சி ஆயி’ என்ற மராத்திப் படம். ‘தோ பீகா ஜமீன்’ தகுதிச் சான்றிதழோடு நின்றது.

இனி ஆண்டு. விழா நடந்த ஆண்டும் படம் வந்த ஆண்டும் ஒன்றல்ல. ‘தோ பீகா ஜமீன்’ 1953இல் வெளிவந்தது. அதே மேடையில் திலீப் குமாருக்கு விருது வாங்கித் தந்த ‘தாக்’, மீனா குமாரிக்கும் நௌஷாத்துக்கும் வாங்கித் தந்த ‘பைஜு பாவ்ரா’ இரண்டும் 1952ஆம் ஆண்டுப் படங்கள். ஆகவே ‘1954 விழாவில்’ என்று எழுதினால் சரி, ‘1954ஆம் ஆண்டின்’ என்றால் பிழை. எத்தனையாவது விழா என்று கண்டுபிடிக்க, 1986 வரை விழா ஆண்டிலிருந்து 1953ஐக் கழித்தால் போதும். 1987இலும் 1988இலும் விழா நடக்கவில்லை. ஆகவே 1989 முதல் 1955ஐக் கழிக்க வேண்டும். குவாஹாத்தியில் நடந்த 2020 விழா 65ஆவது. அகமதாபாத்தில் நடந்த 2025 விழா 70ஆவது. இந்த இரண்டு வருட இடைவெளி தெரியாதவர்கள்தான் 67 என்றும் 72 என்றும் எழுதிவிடுகிறார்கள்.

அதிகம் சறுக்குவது பாடல் விருதுகளில். பின்னணிப் பாடகருக்குத் தொடக்கத்தில் விருதே இல்லை. 1957 விழாவில் ‘சோரி சோரி’ படத்துக்காகச் சங்கர் ஜெய்கிஷனுக்கு இசை விருது கிடைத்தது. அந்தப் படத்தின் ‘ரசிக் பல்மா’வை மேடையில் பாடும்படி லதா மங்கேஷ்கரைக் கேட்டபோது, பாடகருக்கு விருதில்லாத மேடையில் பாடமாட்டேன் என்று மறுத்துவிட்டார். நியாயமான கோபம். இலங்கை வானொலியின் ஹிந்திச் சேவையைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, பாட்டென்றால் முதலில் நினைவுக்கு வருவது பாடியவர் பெயர்தானே. 1959இல் அந்த விருது வந்தது. ‘மதுமதி’ படத்தின் ‘ஆஜா ரே பர்தேசி’க்காக லதாவே முதலில் பெற்றார். ஆனால் 1967 வரை ஆண், பெண் இருபாலாருக்கும் சேர்த்து ஒரே விருதுதான். 1961இல் முகமது ரஃபி பெற்றதைச் ‘சிறந்த பாடகர், ஆண்’ என்று அச்சிடுவது பிழை. அந்தப் பிரிவு 1968இல்தான் பிறந்தது.

தென்னிந்தியாவிலிருந்து ஹிந்திக்குப் போனவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அதே சஞ்சிகை தென்னிந்திய மொழிகளுக்குத் தனியாக விருது கொடுக்கிறது. எனவே ‘கமல்ஹாசன் பிலிம்பேர் பெற்றார்’ என்பது அரைத் தகவல். ஹிந்தியில் அவர் சிறந்த நடிகர் விருது பெற்றது 1986இல், ‘சாகர்’ படத்துக்கு. எஸ்.பி. பாலசுப்ரமணியம் 1990இல் ‘தில் தீவானா’ பாடலுக்குப் பெற்றார். வாணி ஜெயராம் 1980இல் ‘மீரா’வுக்காக ஹிந்தி பிலிம்பேரும் பெற்றார், ‘சங்கராபரணம்’ தெலுங்குப் படத்துக்காகத் தேசிய விருதும் பெற்றார். இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது சுலபம்.

‘பெற்றார்’ என்ற சொல்லும் எல்லா இடத்திலும் பொருந்தாது. ‘தேவதாஸ்’ படத்தில் தனது பாத்திரம் துணைப் பாத்திரம் அல்ல என்று சொல்லி, சிறந்த துணை நடிகை விருதை வைஜெயந்திமாலா ஏற்கவில்லை. 1973இல் நடிகர் பிரான் செய்தது இன்னும் சுவையானது. ‘பே-ஈமான்’ படத்துக்காகத் தனக்குக் கிடைத்த விருதை, அதே படத்தின் இசைக்கும் விருது கொடுத்துவிட்டு ‘பாக்கீசா’வின் இசையமைப்பாளர் குலாம் முகமதுவை விட்டுவிட்டார்களே என்று மறுத்தார். பட்டியலில் இருவர் பெயரும் இன்றும் இருக்கிறது. ‘அறிவிக்கப்பட்டது, ஏற்கவில்லை’ என்று எழுதுவதே சரி.

விமர்சகர் விருது வேறு, பொது விருது வேறு. 2020இல் சிறந்த படம் ‘கல்லி போய்’, மொத்தம் 13 விருதுகள். விமர்சகர் பிரிவில் ‘ஆர்ட்டிக்கிள் 15’, ‘சோன்சிரியா’ இரண்டும் பகிர்ந்துகொண்டன. பிரிவைக் குறிப்பிடாமல் எழுதினால் ஒரே விழாவில் மூன்று ‘சிறந்த படங்கள்’ வந்து நிற்கும். விருதாகக் கொடுக்கும் ‘கறுப்புப் பெண்’ சிலை வழமையாக வெண்கலம். 25ஆவது ஆண்டில் வெள்ளி முலாமும் 50ஆவதில் தங்க முலாமும் பூசப்பட்டன.

கடைசியாக ஒன்று. 2010 ஜூனில் கொழும்பு சுகததாச விளையாட்டரங்கில் நடந்தது ஐஃபா (சர்வதேச இந்தியத் திரைப்பட அகாடமி) விருது விழா, பிலிம்பேர் அல்ல. தென்னிந்தியத் திரையுலகம் எதிர்த்ததும் அதைத்தான்.

திருத்தம் போடுவதாக இருந்தால் அதே பொது அறிவுப் பகுதியில், அதே எழுத்தளவில் போடுங்கள். உள்பக்க மூலையில் சிறு எழுத்தில் போட்டால் வெட்டி ஒட்டுகிறவர்களின் கண்ணில் படாது.

வாசகர்கள் சிலர்,
உவர்மலை, திருகோணமலை.