வேப்பமரத்துக்காக வளைந்த சுவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காகிதத்தோடு நின்றுபோன கட்டடங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அன்று பின்லாந்திலும் இன்று ரஷ்யாவிலும் இருக்கும் வீபுரி நகரின் நூலகத்துக்கு, பின்லாந்துக் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ 1927இல் வரைந்து பரிசு வாங்கிய திட்டம் கட்டப்படவில்லை. இடம் மாறி, வடிவம் மாறி, 1935இல்தான் நூலகம் திறக்கப்பட்டது. தாமதமே நல்லதாய் முடிந்தது என்கிறார் கட்டுரையாளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இடம் மாறியபோதும் அங்கே அதே மனிதரிடம்தான் மறுபடி வரையச் சொன்னார்கள். எங்கள் ஊர்க் கதை வேறு.

தஞ்சாவூர் மாவட்டத்தில் சிறிய ஊர் எங்களுடையது. கிளை நூலகம் வாடகைக் கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. இரும்புப் படிக்கட்டு, முழங்கால் வலிக்காரர்கள் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, அப்படியே இறங்கிவிடுவதும் உண்டு. பகல் 12 மணிக்கும் குழல் விளக்கு எரிந்தால்தான் நாளிதழில் எழுத்து தெரியும்.

எங்கள் ஊரில் பிறந்து சென்னையில் தொழில் செய்த ஒரு கட்டடக் கலைஞர், 2009இல் கூலி வாங்காமல் ஒரு நூலகம் வரைந்து கொடுத்தார். இடத்தை அளந்து கொடுத்தவன் நான்; அதனால் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. எல்லாம் தரைத்தளம். நடுவில் முற்றம், வடக்குச் சுவர் முழுக்கச் சன்னல். தெருப்பக்கம் நீளத் திண்ணை: விடியற்காலையில் வருகிறவர்கள் நூலகம் திறக்கும்வரை அங்கேயே உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கலாம். மனையின் மேற்கு ஓரத்தில் ஒரு வேப்பமரம் நின்றது. அதை வெட்டாமல், சுவரை வளைத்துக் கொண்டுபோயிருந்தார். வளைவின் பக்கத்தில் பென்சிலால் 'மரம் இருக்கட்டும்' என்று ஒரு குறிப்பு.

வீபுரியின் கூரையில் 57 வட்டத் திறப்புகள் இருப்பதைக் கட்டுரை வியந்திருந்தது. அழகுதான். ஆனால் அந்த ஊரில் கோடை நடுப்பகலிலும் சூரியன் உச்சிக்கு வருவதில்லை. இங்கே சித்திரையிலும் ஆவணியிலும் நேர் தலைக்கு மேல் நிற்கும். அதே கூரையை இங்கே போட்டால் வாசகர் குடை பிடித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர் வடக்குச் சன்னலை நம்பியதன் காரணம் இதுதான்.

மதிப்பீடு போடும்போது அந்த வரைபடத்தை யாரும் பிரிக்கவில்லை. எல்லா ஊருக்கும் ஒன்றாக இருக்கும் மாதிரி வரைபடம் வந்தது. திண்ணை கிடையாது, முற்றம் கிடையாது, வாசலில் ஏழு படி. பிறகு அதற்கும் பணம் இல்லை என்றார்கள். இப்போது மறுபடி பேச்சு எழுந்திருக்கிறது. கையில் இருப்பது அதே ஏழு படிதான்.

பணம் இல்லை என்பதைக் கேட்கும்போதெல்லாம் வீட்டுவரி ரசீது நினைவுக்கு வருகிறது. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் பேரில், வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலகத்துக்கென்று ஒவ்வோர் அரையாண்டும் கட்டுகிறோம். அந்தச் சட்டம் வரப் பாடுபட்ட நூலகவியல் அறிஞர் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன், தாம் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் 'நூல்கள் பயன்பாட்டிற்கே' என்ற முதல் விதியை விளக்கும்போது நூலகம் எங்கே இருக்க வேண்டும், எப்போது திறந்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் பேசியவர். தரையில் நின்றபடியே எட்டுகிற உயரத்தில் அலமாரி வேண்டும் என்றவரின் பக்கத்து மாவட்டத்தில் நூலகமே எட்டாத உயரத்தில் இருக்கிறது.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வரைந்தவருக்கு எழுபது கடந்துவிட்டது. ஆள் நன்றாக இருக்கிறார். ஒருமுறை அவரை அழைத்துப் பேசட்டும். அதுவரை அந்த வரைபடத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, வாடகை மாடியிலேயே மாட்டி வைக்கட்டும். வரி கட்டுகிறவர்கள் பார்க்க வேண்டாமா?

போன வாரம் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மனைக்குப் போய் வந்தேன். வேப்பமரம் நிற்கிறது, ஆனால் நன்றாகப் பருத்துவிட்டது. அந்த வளைவை மட்டும் ஒன்றரை அடி தள்ளி வரைய வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்