என் பேச்சைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்ட வாசகர் வட்ட நண்பர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த மாதக் கூட்டத்தில் நான் பேசுவதாக இருந்த தலைப்பை எடுத்துவிட்டதாகத் தகவல் வந்தது. ‘பெரியவர்கள் வருகிற இடம்’ என்று காரணம் சொன்னீர்களாம். எனக்கே 63 வயது. சரி, பேச விடவில்லை, எழுதுகிறேன். 18 வயது ஆகாதவர்கள் இந்த வரியோடு எழுந்து போகலாம்.

நான் பேச நினைத்தது இதுதான். சம்மதத்தோடு துணை மாற்றிக்கொள்ளும் தம்பதிகளைப் பற்றிய வயதுவந்தோர் படங்களில், பளபளப்பாக எடுத்ததை விட்டுவிட்டு, கேமரா ஆடுகிற, வசனமே எழுதாததுபோல் இருக்கிற படங்களை ஏன் தேடிப் பார்க்கிறார்கள்? (ஸ்விங்கிங் என்பதை நம் பத்திரிகைகள் ‘மனைவி மாற்றம்’ என்று எழுதுகின்றன. மனைவி என்ன, கொடுத்து வாங்குகிற பாத்திரமா?)

காரைக்குடியில் 25 வருடம் கல்யாண வீடியோ எடுத்தவன் நான். வீட்டு முகப்பில் வரிசையாக நிறுத்தி, ‘ஆச்சி, இங்கே பாத்துச் சிரிங்க’ என்று எடுத்ததை யாரும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை. கழுத்துருவின் (எங்கள் பக்கத்துப் பெரிய தங்கத் தாலி) கனம் தாங்காமல் பெண் அதை லேசாகத் தூக்கிப் பிடித்து, பக்கத்தில் இருக்கும் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்துவிடும் மூன்று வினாடி இருக்கிறதே, அதைத்தான் கேசட் தேயத் தேயப் போட்டுப் பார்ப்பார்கள்.

அந்தப் படங்களிலும் ஈர்ப்பு உடம்பில் மட்டும் இல்லை. இன்னொருவர் பக்கம் நகரும் முன் தன் துணையை ஒரு தரம் திரும்பிப் பார்க்கிறார்களே, ‘சரிதானே?’ என்று கேட்கிற அந்தப் பார்வை, அசட்டுச் சிரிப்பு, தடுமாற்றம், எந்த நொடியிலும் பொறாமை எட்டிப் பார்த்துவிடுமோ என்ற படபடப்பு. எழுதி எடுத்த படத்துக்கு அடுத்தது என்ன என்று முன்பே தெரியும். இதற்குத் தெரியாது, அல்லது தெரியாததுபோல் இருக்கிறது.

1980களில் கையில் பிடிக்கும் வீடியோ கேமரா வந்தபிறகு இப்படி எடுப்பது சுலபமானது. 1989-ல் அமெரிக்காவில் ஜான் ஸ்டாக்லியானோ என்ற வயதுவந்தோர் பட இயக்குநர் தானே கேமராவைப் பிடித்துக்கொண்டு, படத்துக்குள் இருப்பவர்களிடம் பேசிக்கொண்டே படம் எடுத்தார். அந்தப் பாணிக்கு ‘கான்ஸோ’ என்று பேர். 1970-ல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஹண்டர் தாம்ஸனின் எழுத்துக்கு வைத்த பேரைக் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

இனிதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இயல்பும் ஒரு வேலைப்பாடுதான். ‘இயல்பா வாம்மா’ என்று சொல்லி, ஒரு மணப்பெண்ணை வளவுக்குள் (வீட்டின் உள்முற்றம்) நான்கு தடவை நடக்க வைத்திருக்கிறேன். நாலாவதுதான் தானாக நடந்ததுபோல் வந்தது. ஆடுகிற கேமராவைப் பார்த்து ‘இவர்கள் மனமொத்துத்தான் செய்கிறார்கள்’ என்று நம்பிவிட முடியாது. ‘சாதாரணப் பெண்கள், முதல் தடவை’ என்று சொல்லி இப்படிப் படம் விற்ற ஒரு அமெரிக்க நிறுவனத்தின்மேல் 22 பெண்கள் வழக்குப் போட்டார்கள். படம் இணையத்தில் வராது என்று சொல்லி ஏமாற்றியிருந்தார்கள். 2020 ஜனவரியில் சான் டியேகோ நீதிமன்றம் அவர்களுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. அந்தப் பெண்களும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்தான்.

கையெழுத்து என்றதும் நம் இசைகுடிமானம், அதாவது நகரத்தார் கல்யாணத்தில் எழுதும் திருமண ஒப்பந்தம், நினைவுக்கு வருகிறது. பேரிலேயே இசைவு இருக்கிறது. நான் படம் பிடித்த கல்யாணங்களில் கையெழுத்துப் போட்டது இரண்டு வீட்டு அப்பாக்கள். பெண்ணின் இசைவை அவள் முகத்தில்தான் தேட வேண்டியிருந்தது, அதுவும் கேமராவுக்குக் காட்டாத முகத்தில்.

உங்களில் ஒருவர் ‘இது சட்டப்படி குற்றம்’ என்றாராம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவு, அப்படிப்பட்ட படங்களை இணையத்தில் வெளியிடுவதையும் அனுப்புவதையும் தண்டிக்கிறது. முதல் தடவைக்கே ஐந்து வருடம் வரை சிறை. அவற்றைப் பற்றி யோசிப்பதை அல்ல.

அடுத்த மாதம் அரை மணி நேரம் கொடுங்கள். அந்தப் படம் எதையும் போட்டுக் காட்ட மாட்டேன், பயம் வேண்டாம். என் பழைய கல்யாணக் கேசட்டில் இருந்து, வீட்டாரைக் கேட்டுக்கொண்டு, இரண்டே துண்டு கொண்டுவருகிறேன். ஒன்று தானாக நடந்தது, இன்னொன்று நான் நடத்தியது. எது எது என்று நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வீடியோக்காரன்