கடைசி பெஞ்சில் உனக்கு ஓர் இடம்

அன்புள்ள தங்கச்சிக்கு, ஸ்தோத்திரம்.

வியாழக்கிழமை காலை நைட் டூட்டி முடிந்து பஸ் ஸ்டாப்பிலிருந்து போன் பண்ணினாய். "அக்கா, சர்ச்சுக்குப் போனா தூக்கம்தான் வருது. வாய் பாடுது, உள்ளே ஒண்ணுமே இல்லை" என்றாய். அப்புறம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதது போல, போன மாதம் உன் வார்டில் இறந்துபோன அந்தக் குழந்தையைப் பற்றிச் சொன்னாய். பெட்ஷீட்டை மாற்றி முடிப்பதற்குள் அதே பெட்டுக்கு அடுத்த அட்மிஷன் வந்துவிட்டது, அழக்கூட நேரம் கிடைக்கவில்லை என்றாய். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

அன்றைக்குச் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன். எல்லோரும் வாசிக்கும்படி எழுதலாமா என்று கேட்டதற்கு, பேர் மட்டும் வேண்டாம் என்றாய். சரி. இதே நிலையில் இருக்கும் நர்ஸ்கள், டீச்சர்கள், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர்கள், ஏன், ஊழியக்காரர்களும்கூட நிறையப்பேர் இருக்கிறார்கள்.

முதலில் தூக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சர்ச்சில் தூக்கம் வந்தால் தூங்கு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பைபிளில் வரும் எலியா தீர்க்கதரிசியை நினைத்துப் பார். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கிய அவ்வளவு பெரிய காரியம் நடந்த கையோடு, யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே விழுந்து, "போதும் கர்த்தாவே" என்றான். சாகவேண்டும் என்றுதான் ஜெபம் பண்ணினான். அதற்கு வந்த பதில் என்ன? தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். தூதன் இரண்டாம் தரமும் வந்து தட்டி எழுப்பி, சாப்பிடு, போகவேண்டிய தூரம் அதிகம் என்றான். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அந்தச் சாப்பாட்டின் பலத்தில் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் தேவனுடைய அந்த மெல்லிய சத்தம் கேட்டது. கூடமாட நிற்க எலிசா என்று ஒரு ஆளும் கிடைத்தான்.

அதனால் வாரக்கணக்காகத் தூக்கம் கெட்டிருந்தால் டாக்டரிடம் காட்டு. லீவு போடு. ஜெபம் பண்ணினால் போதும் என்று யாராவது சொன்னால், எலியாவுக்கு அடை கிடைத்த கதையைச் சொல்.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். நீ சர்ச்சுக்குப் போவதில்லை, இன்னொரு டூட்டிக்குப் போகிறாய் தங்கச்சி. கொயர், சண்டே கிளாஸ், பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலாளர், போதாததற்கு ஆராதனை முடிந்ததும் வாசலில் நிற்கிறவர்களுக்கெல்லாம் பிரஷர் மாத்திரை பற்றிய ஆலோசனை. வேலை செய்கிற கை எது என்று சபைக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த பிறகு விடாது. யாரையும் குற்றம் சொல்லவில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன். நர்ஸாக சர்வீசில் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆனபோது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தால் சனிக்கிழமை ராத்திரி டூட்டியைவிட அசதியாக இருக்கும்.

அப்போது ஒரு ஞாயிறு, மாதத்தின் முதல் ஞாயிறு, நற்கருணை ஆராதனை. நைட்டில் ஒரு எமர்ஜென்சி. ஹேண்டோவர் கொடுத்துவிட்டு வரும்போது முதல் பாட்டு முடிந்துவிட்டது. கொயரில் போய் நிற்க வெட்கமாக இருந்ததால் வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி, கூடைக்காரம்மா. பேர்கூட எனக்குத் தெரியாது.

பாவ அறிக்கை வந்தது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டோம் என்று எல்லோரும் சேர்ந்து சொல்கிற இடம். எத்தனையோ வருஷமாகச் சொன்னதுதான். அன்றைக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்துவிட்டது. ராத்திரி ஒரு பேஷன்ட் கூப்பிட்டபோது "இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டு எமர்ஜென்சி பக்கம் ஓடினேன், அப்புறம் அவரிடம் போகவே இல்லை. நான் நிறுத்திவிட்டேன், சபை நிறுத்தவில்லை. என்னால் சொல்ல முடியாத வார்த்தையை என்னைச் சுற்றி இருநூறு பேர் எனக்கும் சேர்த்துச் சொன்னார்கள். பிறகு பாவமன்னிப்பு. அந்தக் குழந்தைக்கு இன்னும் ஏதாவது செய்திருக்கலாமோ என்று நீ ராத்திரியெல்லாம் கேட்டுக்கொள்கிறாயே, அந்தக் கேள்வியைக் கொண்டுபோய் இறக்கிவைக்க இந்த உலகத்தில் எத்தனை இடம் இருக்கிறது, சொல். ரிப்போர்ட் புக்கில் எழுத முடியாது, வீட்டில் சொன்னாலும் புரியாது.

அப்புறம் சமாதானம் கொடுக்கும் நேரம். நம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. 1947-ல் பல சபைகள் ஒன்றாகச் சேர்ந்த பிறகு 1950-ல் வந்த ஆராதனை முறையிலேயே இது இருக்கிறது. வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கையைச் சேர்த்து, இடது கையால் ஒருவர் கையை ஒருவர் மூடிக்கொள்வது. இப்போது நிறையப்பேர் அவசரமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்தவரிடம் போய்விடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்தப் பாட்டி முறைப்படி என் கையைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. "ஏம்மா, கை இப்படி வெடிச்சுக் கிடக்கு?" என்றாள்.

சோப்பும் ஸ்பிரிட்டும் பட்டுப் பட்டு வெடித்த கை. வாஷ் பேசினுக்கு மேலே கை கழுவ வேண்டிய ஐந்து தருணங்கள் என்று சார்ட் ஒட்டியிருக்குமே, ஒவ்வொரு பேஷன்ட்டுக்கும் அத்தனை தடவை கழுவுகிற கை. அந்தக் கையால் எத்தனை பேரைப் புரட்டிப் படுக்க வைத்திருப்பேன், எத்தனை பேருக்கு நாடி பார்த்திருப்பேன். அதை ஒருத்தர் பிடித்துப் பார்த்து எவ்வளவு நாள் ஆகியிருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. பாட்டியின் கையும் என் கையைப் போலவே சொரசொரப்பாக இருந்தது. "சமாதானம் உன்னோட இருக்கட்டும் தாயி" என்று சொல்லி ஒரு தடவை அழுத்திவிட்டுத்தான் விட்டாள். அப்படியே போய் முழங்கால் படியிட்டு, ஒரு கையின் மேல் ஒரு கை வைத்து நீட்டினேன். வெறுங்கை. அதில் ஒரு துண்டு அப்பத்தைப் போதகர் ஐயா வைத்தார். வாரம் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருந்த கை அது, அன்றைக்கு வாங்கியது.

வாங்குவது நம்மைப் போன்றவர்களுக்குச் சுலபமில்லை. இயேசு சீஷர்களின் காலைக் கழுவ வந்தபோது பேதுரு என்ன சொன்னார்? "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது." அடுத்தவர் காலைக் கழுவு என்றால் உடனே குனிந்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தன் காலை நீட்டத்தான் அவரால் முடியவில்லை.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையை நர்ஸிங் படிக்கும்போது உனக்கும் சொல்லியிருப்பார்கள். 1890 வாக்கில் திண்டிவனத்தில் ஒரே ராத்திரி மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேருடைய மனைவிக்கும் பிரசவ வலி, ஆண் டாக்டர் பார்க்கக்கூடாது. அப்பா ஸ்கடர் டாக்டராக இருந்தும் பிரயோஜனம் இல்லை, மகளோ மருத்துவம் படிக்காதவள். விடிந்ததும் பறைச்சத்தம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அங்கிருந்து நேராக 1900-ல் வேலூரில் ஆரம்பித்த ஒற்றைப் படுக்கைக்கும், 1909-ல் நர்ஸிங் பள்ளிக்கும், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளிக்கும் தாவிவிடுவார்கள். நீயும் அப்படி உழைக்க வேண்டும் என்று முடிப்பார்கள்.

நடுவில் ஒன்று விட்டுப்போகிறது. பறைச்சத்தம் கேட்ட அந்தப் பெண் தன் அறைக்குப் போனாள். யோசித்தாள், ஜெபம் பண்ணினாள். அதற்குப் பிறகுதான் அப்பா அம்மாவிடம் வந்து, அமெரிக்கா போய் மருத்துவம் படிக்கப்போகிறேன் என்று சொன்னாள். மூன்று சாவையும் தூக்கிக்கொண்டு முதலில் தேவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். உன் வார்டில் அந்த நேரம் உனக்குக் கிடைக்கவில்லை. பெட்ஷீட் மாற்றினாய், அடுத்த பேஷன்ட் வந்தாயிற்று. அந்தக் குழந்தைக்காக நீ இன்னும் உட்காரவே இல்லை தங்கச்சி.

உள்ளே ஒன்றும் தோன்றவில்லை என்றாயே, தோன்ற வேண்டும் என்று கட்டாயமில்லை. 88-ம் சங்கீதத்தை எடுத்து வாசி. ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமல் முடிகிறது. அதையும் ஆராதனையில் பாடத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

வருகிற ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு. உனக்கு ஆஃப் என்று சொன்னாய். உங்கள் சபைக்கு வேண்டாம், எங்கள் சபைக்கு வா. இங்கே உன்னை யாருக்கும் தெரியாது, நீ நர்ஸ் என்று நானும் யாரிடமும் சொல்லமாட்டேன். பாட்டுப் புத்தகம் கொண்டுவராதே, நான் வைத்திருக்கிறேன். பாட வேண்டும் என்று தோன்றினால் பாடு, இல்லாவிட்டால் கேட்டுக்கொண்டிரு. அழுகை வந்தால் அடக்காதே. வாசலுக்குப் பக்கத்தில், ஃபேனுக்குக் கீழே, கடைசி பெஞ்சில் இடம் போட்டு வைக்கிறேன். சமாதானம் கொடுக்கும்போது உன் கையை நான்தான் பிடிப்பேன்.

முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடலாம். இட்லிக்கு மாவு சனிக்கிழமையே அரைத்துவிடுவேன். சாப்பிட்டுவிட்டு அந்தப் பின்கட்டு அறையில் படுத்துக்கொள். சாயங்காலம் நானாக எழுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா