நாய் வளர்ப்போர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை (2024–25)

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும். படிக்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிடுவார்கள்.

உலக வெறிநோய் தினமான செப்டம்பர் 28 அன்று தடுப்பூசி முகாம் நடந்தது. நாட்டு நாய்க் கண்காட்சி மழையால் தள்ளிப்போய், அப்புறம் நடக்கவே இல்லை. செயற்குழு கூடவேண்டிய போதெல்லாம் கூடியது. யார் யார் கூடினோம் என்பது வருகைப் பதிவேட்டில் இருக்கிறது.

இனி, கால் முடியாத நாய்களைத் தண்ணீரில் இறக்கி நடை பழக்கும் தொட்டி விஷயம்.

சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் செங்கல் வைத்துக் கட்டி, நாய் இறங்கச் சரிவும் அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பும் போட்டிருக்கிறோம். "செயலாளர் நீச்சல்குளம் கட்டிட்டார்" என்று பேச்சு. தீர்மானம் மினிட் புத்தகத்தில் இருக்கிறது. அன்றைக்கு வராதவர்களுக்குத் தெரியாமல் போனால் அதற்கு நான் பொறுப்பில்லை. அது நீச்சல்குளமும் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் நாய் தன் எடையில் சுமார் 38 சதவீதத்தைத்தான் கால்களில் தாங்குகிறது. தரையில் எழ முடியாத நாய் தண்ணீருக்குள் அடியெடுத்து வைப்பது அதனால்தான். பெரிய ஊர்களில் தண்ணீருக்குள் ஓடும் டிரெட்மில் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் இருப்பது தொட்டியும் அண்டாவில் வெந்நீரும்.

முதலில் இறங்கியது நாலுவழிச் சாலையில் பைக் மோதி இடுப்பெலும்பு முறிந்த ஒரு சிப்பிப்பாறை நாய். திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டி, எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகே தொட்டிக்கு வந்தது. அதுவரை வீட்டில் படுத்த இடத்திலேயே புண் வராமல் நாலு மணிக்கொரு தடவை திருப்பிப் போட்டார்கள். மூட்டுக்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து, மெல்ல மடக்கி நீட்டிவிட்டார்கள். நடக்க எழுப்பும்போது வீட்டுக்காரரின் பழைய சாரத்தை (லுங்கியை) வயிற்றுக்கடியில் கொடுத்து, இரண்டு முனையையும் பிடித்துத் தூக்குவார்கள். அப்போதெல்லாம் பின்னங்கால் பாதம் மடங்கி, மேல்பக்கம் தரையில் உரசியது. தொட்டியில் இறங்கிச் சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் அந்தப் பாதம் விரிப்பில் நேராகப் பதிந்தது. "நாய்க்கு என்னத்துக்குவே பிசியோ?" என்று கேட்ட உறுப்பினரும் அன்று பக்கத்தில்தான் நின்றார். ஒன்றும் பேசவில்லை.

சிப்பிப்பாறைக்கு உடம்பில் கொழுப்பே கிடையாது. தண்ணீர் கொஞ்சம் ஆறினாலும் நடுங்கிவிடும். ஆகவே அண்டாவுக்கு விறகு தள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் நான்தான்.

டாஷ்ஹண்ட் நாய் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தட்டு விலகிக் கால் இழுத்தால் அன்றைக்கே தொட்டிக்குத் தூக்கி வரவேண்டாம். முதலில் டாக்டர், அவர் ஓய்வு மட்டும் போதும் என்றால் கூண்டில் நாலு முதல் ஆறு வாரம். நாயின் கால் விரலை அழுத்திக் கிள்ளியும் வலி தெரியவில்லையென்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. வீட்டில் இருக்கிறதே என்று இப்யூபுரோஃபென் மாத்திரை கொடுப்பவர்களுக்கு: அது நாய்க்கு வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கேடும் தரும். டைல்ஸ் தரையில் சாக்கு விரித்தாலே கிழட்டு நாய்கள் பாதி வழுக்கலுக்குத் தப்பும். ஆறாத காயமும் கழிச்சலும் உள்ள நாய்களுக்குத் தொட்டியில் இடமில்லை. உறுப்பினர் வீட்டு விசேஷத்துக்கு ஐஸ் கொட்டிச் சோடா பாட்டில் போட்டு வைக்கவும் இடமில்லை. யாரென்று நான் சொல்லவில்லை. மூடிகளைப் பொறுக்கியவன் நான்.

வரவு செலவைப் பொருளாளர் அண்ணாச்சி வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு வரவேண்டிய அளவுக்கு வரவில்லை. செலவு மட்டும் நேரம் தவறாமல் வந்தது. சந்தா கேட்டுப் போனால் "நம்ம நாய் நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி" என்கிறார்கள். கால் இழுத்ததும் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வருகிறது. பாக்கிக்காரர்கள் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் வாசிக்கவில்லை. பட்டியல் சட்டைப்பையில் இருக்கிறது.

மணல் தந்தவர், விறகு தந்தவர், இலவசமாக வந்து பார்த்த டாக்டர், செயற்குழுவினர், அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு தொட்டிக்கு மேலே ஒரு தகரக் கூரையும், ஒரு வெந்நீர் ஹீட்டரும் வேண்டும். சாயங்காலம் முறைவைத்து வர நாலு பேர் வேண்டும். இந்தப் பொறுப்பில் தொடர எனக்குப் பெரிய ஆசையில்லை. விருப்பமுள்ளவர் முன்வந்தால் அண்டாவையும் சேர்த்து இன்றைக்கே ஒப்படைக்கத் தயார். யாரும் வராவிட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

கூட்டம் முடிந்ததும் டீ, வடை உண்டு. பரிமாறும் இடத்துக்குப் போகும் வழியில் பொருளாளர் அண்ணாச்சி ரசீது புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்