வாழைச்சேனைத் தமிழ் பேசிய அம்மாவுக்கு

மகன் முந்தாநாள் வீட்டுக்கு வந்துவிட்டான். முற்றத்தில் தம்பியோடு பந்துக்குச் சண்டை பிடிக்கிற சத்தம் கேட்கிறது. என்ன நடந்தது என்பது இதை வாசிக்கிற அநேகம் பேருக்குத் தெரியும். தெரியாதவர்கள் குறை நினைக்க வேண்டாம், அதைத் திரும்பவும் முதலிலிருந்து சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அன்றிரவு மட்டக்களப்பின் படுவான்கரை ஒழுங்கைக்குள் வழி கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்த 1990 அம்புலன்ஸ் தம்பிமாருக்கு முதல் நன்றி. (எங்கள் பக்கத்தில் 1990 என்றால் மனதுக்கு வருவது வேறு, யுத்த வருடம். அந்த வருடத்தைக் கண்டவர்கள், அந்த எண்ணை அழுத்தி உதவி கேட்கிற காலம் ஒன்று வரும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். என் மாமி இன்னும் ‘அந்த நம்பர்’ என்றுதான் சொல்லுவா.) இங்கே முதலில் பார்த்த டாக்டர், மிஸ்ஸிமார் (தாதிமார்), என் அவரைப் பின்னால் கூட்டிவந்துவிட்டுக் கூலி வாங்காமல் திரும்பிப்போன காத்தான்குடிக் காக்கா (முஸ்லிம் அண்ணன்), இரத்தம் கொடுத்த பையன்கள், சின்னவனைப் பத்து நாள் வைத்துப் பார்த்த மச்சாள், கனடாவிலிருந்து கேட்காமலே காசு அனுப்பிய சித்தப்பா, கோயிலில் நேர்ந்தவர்கள், பள்ளியில் துஆ செய்தவர்கள், எல்லோரையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கோபிக்காதீர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் வருவேன்.

மண்முனைப் பாலத்துக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். அது 2014இல்தான் திறந்தது. அதற்கு முன் ஆற்றைக் கடக்கப் பாதைக்கு, அதுதான் ஆட்களை ஏற்றிக் கடத்துகிற மிதவைக்கு, காத்து நிற்க வேண்டும். எனக்கு மூத்த அண்ணன் ஒருவன் இருந்தான். காய்ச்சலோடு அவனைத் தோளில் போட்டுக்கொண்டு துறையில் நின்ற கதையை என் அம்மா தொடங்குவா. முடித்ததில்லை.

இப்போது நான் எழுத வந்த ஆளுக்கு வருகிறேன்.

மகனுக்கு ஒப்பரேஷன் இங்கே செய்ய ஏலாது என்று இரவோடிரவாக மலைப்பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. என் பிள்ளையைக் காப்பாற்றித் தந்த இடம் அது. மகாஓயா தாண்டும்வரை பிள்ளை பசி பசி என்று அழுதான். ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்று கூடவந்த மிஸ்ஸி தெளிவாகத்தான் சொன்னா. அவ கண்ணயர்ந்த நேரம், ஒரு தாயின் புத்தி, பையிலிருந்து நாலு மாரி பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்துவிட்டேன். இதை என் அவரிடமே போன கிழமைதான் சொன்னேன்.

அங்கே பிள்ளையைப் பாரம் கொடுத்துவிட்டு மிஸ்ஸி அதே அம்புலன்ஸில் திரும்பிவிட்டா. அதற்குப் பிறகு அந்த வாட்டில் தமிழ் என்பது நானும் என் பிள்ளையும்தான். ஒரு கடதாசியை நீட்டி, ஒப்பம் வைக்கிற இடத்தை விரலால் காட்டினார்கள். வைத்தேன். இளம் டாக்டர் ஒருவர் வந்து, “கன்ன துன்னே நெஹே நேத?” என்று கேட்டார். நான் அன்றைக்கு எல்லாவற்றுக்கும் சொன்னது ஒரே ஒரு சொல்: “ஓவ்.” ஆமாம் என்றால் சீக்கிரம் முடியும், சீக்கிரம் உள்ளே எடுப்பார்கள் என்று ஒரு எண்ணம். அவர் கேட்டது ‘சாப்பிடக் கொடுக்கவில்லைதானே?’ என்று. நான் ஆமாம், கொடுக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

தியேட்டருக்கு எடுக்கத் தள்ளுகட்டில் வந்துவிட்டது. தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கட்டிலடியைத் துடைக்கக் குனிந்தவ, நிமிர்ந்து பிள்ளையின் சட்டையைப் பார்த்தா. கழுத்துப்பட்டியில் பிஸ்கட் தூள். விரலால் தொட்டுப் பார்த்தா. என்னைப் பார்த்தா. பிறகு கேட்டா:

“ஏன்கா, புள்ளைக்கு பிஸ்கட் குடுத்த?”

எனக்குக் கை கால் ஓடவில்லை. சிங்களம் உடுத்தி, சிங்களம் பேசி, சிங்களத்தில் ஏச்சும் வாங்கிக்கொண்டிருந்த ஒரு மனுசி என்னை ‘கா’ போட்டுக் கேட்கிறா! எங்கள் ஊர்க் ‘கா’. கொழும்புத் தமிழரும் யாழ்ப்பாணத்தாரும் கேட்டுச் சிரிக்கிற அதே ‘கா’. நான் அப்படியே உடைந்து எல்லாவற்றையும் சொன்னேன், எத்தனை பிஸ்கட், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று. அவ துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு ஓடினா. டாக்டரை மறித்து ஒரு தொழிலாளி பேசுவது அங்கே எவ்வளவு பெரிய காரியம் என்பது அடுத்த நாள்களில்தான் எனக்கு விளங்கியது.

ஆறு மணித்தியாலம் பொறுத்து எடுத்தார்கள். மயக்கத்தில் கிடக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வந்து சுவாசப்பைக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்பதைப் பிறகு அதே டாக்டர், அந்த அம்மாவை நடுவில் நிறுத்தி, எனக்குச் சொன்னார். ஏசவில்லை. அவரும் பயந்துபோயிருந்தார் என்று நினைக்கிறேன்.

அந்த அம்மாவின் தகப்பன் வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வேலை செய்தவராம். வைக்கோலில் கடதாசி செய்த காலம். எண்பதுகளில் ஊர் கலங்கியபோது குடும்பத்தோடு போய்விட்டார்கள், இவவுக்கு அப்போது ஒன்பது வயது. அதனால் அவவின் தமிழுக்கும் ஒன்பது வயதுதான். ‘நீங்கள்’ என்ற சொல்லே அவவுக்கு வராது. எல்லாம் ‘வா, நில், தின்னு, அழாத’. மூன்று நாளும் வேலை முடிந்த பிறகு வந்து, டாக்டர் சொன்னதை அந்த ஒன்பது வயதுத் தமிழில் எனக்குச் சொன்னா. மருந்துப் பைகளில் சிங்களத்தில் எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் பேனையால் ஒரு சூரியன், ஒரு பிறை கீறித் தந்தா. பாதிக் குளிசைக்குப் பாதி வட்டம். அந்தப் பைகளை வைத்திருக்கிறேன்.

அங்கே என்னை யாரும் இனம் பார்த்து ஒதுக்கவில்லை. ஒதுக்கினார்கள் என்று சொன்னால் பொய். ஆனால் பக்கத்துக் கட்டில் பிள்ளையின் தாய் எனக்குப் பிந்தி வந்தவ. அவ கேட்டா, பதில் வந்தது. திரும்பக் கேட்டா, யாரோ ஓடி வந்தார்கள். நான் அழுதேன். அழுகிற தாய்க்கு ஆறுதல் சொல்வார்கள், ஓடி வரமாட்டார்கள். 1956இல் சிங்களம் மட்டும் என்றார்கள். 1987இல் தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் சேர்த்தார்கள். சேர்த்தது அந்த வாட்டுக்கு வருகிற பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டது போல. என் பிள்ளைக்கு அன்றைக்கு இருந்த ஒரே மொழிபெயர்ப்பாளர் தரை துடைக்கிற ஒருவர், அதுவும் அவவுக்கு அன்று இரவு வேலை விழுந்தபடியால். லீவு எடுத்திருந்தால்? இதை நினைத்துக்கொண்டு இரண்டு இரவு தூங்கவில்லை. மகாஓயாவிலிருந்து ஒரு சிங்களத் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் ஓடிவந்தால் அவளும் இப்படித்தானே நிற்பாள் என்றும் நினைத்தேன். எனக்கு ‘ஓவ்’ போல அவளுக்கு ‘ஓம்’.

சரி, என்னால் முடிந்தது ஒன்று. ஆஸ்பத்திரியில் கேட்கிற கேள்விகளை, எப்போது சாப்பிட்டது, எந்த மருந்து ஒத்துவராது, எத்தனை தரம் சத்தி, இப்படி ஒரு பக்கத்துக்கு, தமிழிலும் சிங்களத்திலும் எழுதி எடுக்கிறேன். சிங்களத்தை வாழைச்சேனைக்குப் பக்கத்து ஓட்டமாவடியில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா (அண்ணன்) ஒருவர் பார்த்துத் தருகிறேன் என்றிருக்கிறார். அடுத்த கிளினிக்கில் தாய்மாரின் கொப்பிகளுக்குள் ஒட்ட மிட்வைஃப் மிஸ்ஸியும் சம்மதம். போட்டோக்கொப்பிக் காசு என்னுடையது.

அம்மா, நாங்கள் வெளிக்கிட்ட அன்று நீங்கள் ஒன்று கேட்டீர்கள். “ரயிலும் பஸ்ஸும் ஒரே பாலத்துல போகுமே, அந்தப் பாலம் இன்னும் இருக்காகா?” ரயில் வந்தால் பஸ்ஸை மறித்து வைப்பார்கள், நாங்கள் கையாட்டுவோம் என்று கையை ஆட்டிக் காட்டினீர்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. நேற்று நானாவின் கடைக்குப் போனபோது ஓட்டமாவடிப் பழைய பாலத்தடியில் இறங்கினேன். இருக்கிறது. பஸ்ஸுக்குப் பக்கத்தில் தனிப்பாலம் வந்துவிட்டது. வெயில் தாழ்ந்த நேரம் ஃபோனில் மூன்று படம் எடுத்தேன், ஒன்றில் ஆறும் தெரிகிறது.

வந்த பிறகுதான் உறைத்தது, உங்கள் ஃபோன் நம்பரையும் வாங்கவில்லை, பேரையும் கேட்கவில்லை. மூன்று நாளும் நான் உங்களைக் கூப்பிட்டது ‘அம்மா’ என்று மட்டும்தான். அந்தப் பக்கம் ஆள் தெரிந்த யாராவது இதை வாசித்தால் சிங்களத்தில் அவவிடம் சொல்லுங்கள், படம் என்னிடம் இருக்கிறது.