திருந்தாத ஆட்களை எழுதுவது சுலபமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிவி நகைச்சுவைத் தொடர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், அன்றன்றைக்கே முடிகிற கதை என்றால் எழுத்தாளருக்குப் பாதி வேலை மிச்சம், அடுத்த வாரம் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறதே என்று ஒரு வரி இருந்தது. எனக்கு அது சரியாகப் படவில்லை. பழையபடி ஆக்குவதுதான் இதில் இருப்பதிலேயே கஷ்டமான வேலை.

மெகா தொடரில் ஒரு முடிச்சுப் போட்டால் அவிழ்க்க ஆறு மாதம் இருக்கிறது. வாரக் கடைசியில் யாராவது கதவைத் திறந்து அதிர்ச்சியாகப் பார்த்தால் திங்கள்வரை தாங்கும். சிட்காமில், அதாவது அன்றன்றைக்கே கதை முடிகிற நகைச்சுவைத் தொடரில், அதெல்லாம் நடக்காது. அமெரிக்க அரை மணி நேரத் தொடர் என்றால் விளம்பரம் போகச் சுமார் 22 நிமிடம், அதற்குள் சிக்கல் வந்து, முற்றி, ஒரு வழியாகி, எல்லாரும் அதே சோபாவில் வந்து உட்கார வேண்டும். எழுத்தாளர் கையைப் பிடித்து இழுத்து வந்த மாதிரியும் தெரியக்கூடாது, அவரவர் குணமே அவரவரைத் திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டும். கஞ்சன் ஒருநாள் தாராளமாகச் செலவு செய்யக் கிளம்புவான், அதிலும் கணக்குப் பார்த்து மாட்டிக்கொள்வான். யாரும் கட்டிப்பிடித்து உருகக்கூடாது, யாரும் பாடம் கற்கக்கூடாது என்று ‘சைன்ஃபெல்ட்’ என்ற அமெரிக்க சிட்காமை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டேவிட் விதியே வைத்திருந்தார். திருந்திவிட்டால் அடுத்த வாரக் கதைக்கு எங்கே போவது?

வியாபாரக் காரணமும் உண்டு. அமெரிக்காவில் ஏறக்குறைய 100 எபிசோடு சேர்ந்ததும் மறு ஒளிபரப்புக்காக உள்ளூர் நிலையங்களுக்கு விற்பார்கள். எந்த எபிசோடை எப்போது போட்டாலும் புரிய வேண்டும், தனித்தனியாக நிற்கும்படி எழுதியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவ்வளவு தூரம் போவானேன், நான் இருப்பது தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறையில். வீட்டில் பேசுவது தமிழ், டிவியில் தமிழ், மலையாளம் இரண்டும் ஓடும். மழவில் மனோரமா என்ற மலையாளச் சேனலில் 2011ல் தொடங்கிய ‘மறிமாயம்’ பாருங்கள். சத்யசீலன், மண்டோதரி, கோயா என்று அதே பெயர்கள், அதே நடிகர்கள், ஆனால் வாரத்துக்கு ஒரு அரசு அலுவலகம். ஆளை வைத்துக்கொண்டு ஆபீஸை மட்டும் மாற்றுகிறார்கள், எங்கே போனாலும் மனு நகராது. (தமிழில் எழுதிய மனுவோடு வரிசையில் நின்று பழகிய எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சிரிப்பு கொஞ்சம் கூடவே வரும்.) ‘உப்பும் முளகும்’ என்ற மலையாளக் குடும்ப நகைச்சுவைத் தொடரை எழுதுகிறவர்களுக்கு வேறு சிக்கல், அதில் நடிக்கிற பிள்ளைகள் கண்ணெதிரே வளர்கிறார்கள். ‘தி சிம்ப்ஸன்ஸ்’ என்ற அமெரிக்கத் தொடரின் கார்ட்டூன் பையன் பார்ட் சிம்ப்ஸன் 1989லிருந்து 10 வயதிலேயே நிற்கலாம், நிஜப் பிள்ளைகளை நிறுத்த முடியுமா? 2018ல் ‘உப்பும் முளகும்’ கதையில் ஒரு குழந்தையே பிறந்தது. அப்படியும் அந்த வீட்டுக் கணவன் மனைவியான பாலுவும் நீலுவும் சண்டை போடுகிற தினுசு மட்டும் மாறவே இல்லை, தொடரைத் தாங்கியது அதுதான் என்பேன்.

நம் தமிழ்ச் சேனல்களில் நகைச்சுவை என்று சொல்லி ஆரம்பிப்பார்கள், கொஞ்ச நாளில் சொத்துத் தகராறு வரும், வில்லி வருவார், அப்புறம் யாராவது ஐசியூவில் படுத்திருப்பார்கள். பார்ப்பவர்கள் கேட்டா இதைச் செய்கிறார்கள்?

வாராவாரம் புதுக்கதை எழுதுகிற ஒருவரிடம் பேட்டி எடுத்துப் போடுங்கள். மலையாளத்தில் எழுதுபவராக இருந்தால் கேட்டு எழுதித் தர எங்கள் ஊரில் ஆள் நிறைய இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்