வாசகர் வட்டம் ஆண்டறிக்கை: நையாண்டிக் கதைகள் படிச்ச வருஷம்

எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவு கணக்க பொருளாளர் அக்கா அடுத்து வாசிப்பாங்க, சந்தா பாக்கி இருக்கிறவங்க அதுக்குள்ள குடுத்துடுங்க. நான் நேரா படிச்ச விஷயத்துக்கு வந்துடறேன்.

நையாண்டிக் கதைகள மட்டும் படிப்போம்னு போன பொதுக்குழுவுல முடிவு பண்ணப்போ, ஊழலும் வறுமையும்தான் தினமும் பேப்பர்ல வருதே, கதையில வேற எதுக்குன்னு சிலர் கேட்டாங்க. 'தர்பாரி ராகம்' படிச்சப்புறம் அந்தக் கேள்விய யாரும் திரும்பக் கேக்கல. ஸ்ரீலால் சுக்ல இந்தியில எழுதி 1968ல வந்த நாவல், 1969க்கான சாகித்ய அகாடமி விருது வாங்கினது. அவரே உத்தரப்பிரதேசத்துல அரசு அதிகாரியா இருந்தவர், அதனால ஆபீஸ்ல ஒரு பேப்பர எங்கெங்க நிறுத்தலாம்ங்கிறது அவருக்கு அத்துப்படி.

அதுல லங்கட்னு ஒரு ஏழை, தாசில் ஆபீஸ்ல ஒரு நகல் வாங்கப் போறார். கிளார்க் அஞ்சு ரூபா லஞ்சம் கேக்குறார், இவர் ரேட்டு ரெண்டு ரூபாதானேங்கிறார், வாக்குவாதம் முத்தி, லஞ்சம் குடுக்காமலே வாங்குவேன்னு இவரும், வாங்காம ரூல்படியே குடுக்கிறேன்னு அவரும் சபதம் போடுறாங்க. அப்புறம் மனுல அந்தக் குறை, இந்தக் குறைன்னு நடையா நடக்க விடுறாங்க, ஊரே அவரப் பாத்து சிரிக்குது, நாமளும் சிரிக்கிறோம். கடைசியில நகல் ரெடியாகி போர்டுல நோட்டீஸ் போடும்போது அவர் காய்ச்சல்ல கிடக்கார், கெடு முடிஞ்சதும் நகலக் கிழிச்சுப் போட்டுடுறாங்க. எல்லாமே ரூல்படி! இதப் படிச்சு முடிச்சதும் பட்டாவுக்கு அலைஞ்சுக்கிட்டிருக்கிற நம்ம உறுப்பினர் ஒருத்தர் எழுந்து பேச ஆரம்பிச்சார், அன்னைக்கு கூட்டம் முடிய ராத்திரி ஆயிடுச்சு. லஞ்சம் வாங்கினா ஒருத்தர் மேல புகார் குடுக்கலாம், ரூல வச்சே அடிச்சா யார் மேல குடுக்கிறதுன்னு அவர் கேட்டதுக்கு யாருகிட்டயும் பதில் இல்ல. செய்தியில லங்கட் மாதிரி ஆளு வரவே மாட்டார், ஏன்னா அங்க சட்டப்படி குத்தமே நடக்கல. அத வெளிய கொண்டு வர கதையாலதான் முடியும்னு நான் மனசார நம்புறேன்.

புதுமைப்பித்தனோட 'பொன்னகரம்' 1934ல மணிக்கொடி பத்திரிகையில வந்த சின்னக் கதை. மில்லுல வேலை பாக்குற அம்மாளு, அடிபட்டுக் கிடக்கிற புருஷன் பால்கஞ்சி கேட்டான்னு முக்கால் ரூபாவுக்காக ஒருத்தனோட சந்துக்குள்ள போறா. கற்பு பேசுறவங்கள அந்தக் கதை கேக்குற கேள்விதான் அதோட நையாண்டி, அம்மாளுவ ஒரு வார்த்த பழிக்கல. வாசிச்சு முடிச்சப்போ யாருமே பேசல, அந்த மாசம் கலந்துரையாடல் சரியா நடக்கவும் இல்ல.

அடுத்த வருஷம் கோகோலோட 'இறந்த ஆன்மாக்கள்'ல ஆரம்பிக்கிறோம். 1842ல வந்த ரஷ்ய நாவல். செத்துப்போன பண்ணையடிமைங்க அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும் ரெக்கார்டுல உயிரோடதான் இருப்பாங்க, அந்தப் பேருகள விலைக்கு வாங்கி, உயிரோட இருக்கிற சொத்து மாதிரி காட்டி அடகு வைக்கப் பாக்குறான் ஒருத்தன். பிரதி வேணுங்கிறவங்க இன்னைக்கே பேரு குடுத்துட்டுப் போங்க.

இப்படிக்கு,
செயலாளர்